‘வில் பி’ பாடம் நடத்துகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களிலும் மாலையானால் யாராவது ஒருவர் எங்காவது ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார். கோவில் மண்டபத்தில் பயிற்சி ஆசிரியை, வீட்டுக் கூடத்தில் டியூஷன் நடத்தும் அக்கா, ஓய்வுபெற்ற கிராணி (தோட்டத்து எழுத்தர்), தம் பிள்ளைக்குத் தாமே பாடம் சொல்லும் தாய் எனப் பலர். எதிர்காலத் தொடர்வினைப் பாடம் வந்துவிட்டால் இவர்கள் எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஓரிடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். ஆங்கில வாக்கியங்கள் இங்கே தமிழ் எழுத்தில் இருக்கின்றன. பலகையில் ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள்.

டீச்சர், எதிர்காலத் தொடர்வினை என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள், போதும்.

வரப்போகிற ஒரு நேரத்தில் ஒரு வேலை பாதியில் நடந்துகொண்டிருக்கும் என்று சொல்வது. ‘அட் சிக்ஸ் தர்ட்டி டுமாரோ, ஃபாதர் வில் பி டாப்பிங்.’ நாளைக் காலை ஆறரைக்கு அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருப்பார். ஆறரைக்கு முன்பே தொடங்கிவிட்டார், ஆறரைக்கு முடிக்கவில்லை.

அமைப்பு ‘வில்’, பிறகு ‘பி’, பிறகு ‘இங்’ சேர்ந்த வினை. நான், நீ, அவர், அவர்கள் என்று ஆள் மாறினாலும் இதில் எதுவும் மாறாது. ‘இஸ்’, ‘ஆர்’ குழப்பத்தில் தவிக்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய நிம்மதி. அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

தமிழில் இதற்கு நேரான ஒன்று இருக்கிறதா, இல்லை புதிதாகத்தான் விளக்க வேண்டுமா?

இருக்கிறது, அதுவும் அச்சாக இருக்கிறது. ‘வெட்டிக்கொண்டிருப்பார்’ என்பதைப் பிரித்துப் பாருங்கள். ‘வெட்டிக்கொண்டு’ என்பது ‘இங்’ செய்யும் வேலையைச் செய்கிறது. ‘இரு’ என்பது ‘பி’. அதோடு வரும் எதிர்கால இடைநிலைதான் ‘வில்’. ஆங்கிலம் முன்னால் வைப்பதைத் தமிழ் பின்னால் வைக்கிறது. அவ்வளவுதான் வேறுபாடு.

ஆகவே பிள்ளைக்கு இந்தக் கருத்து ஏற்கனவே தெரியும். பெயரும் ஆங்கில வடிவமும்தான் புதியவை. தமிழை வகுப்பறைக்கு வெளியே நிறுத்திவிட்டுத்தான் ஆங்கிலம் நடத்த வேண்டும் என்று சிலர் பிடிவாதமாக இருக்கிறார்கள். இந்தப் பாடத்தில் அது வீண் சிரமம். ஆனால் எதிர்மறையிலும், மரியாதைக் கேள்வியிலும், சில வினைகளிலும் இந்த ஒற்றுமை உடைந்துபோகும். அவை கீழே வருகின்றன.

முதலில் சூத்திரத்தைப் பலகையில் எழுதிவிடலாமா? எழுதினால்தானே மனதில் நிற்கும்?

நிற்கும், சூத்திரமாகவே நிற்கும். தேர்வுத்தாளில் ‘வில் பி இங்’ என்று ஒப்பிப்பவன், பேச வேண்டிய நேரத்தில் வாயைத் திறக்கமாட்டான். நான் கடிகாரத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். பலகையில் ஒரு நேர்கோடு போடுங்கள். இடது ஓரத்தில் ‘இப்போது’ என்று எழுதுங்கள். வலது பக்கம் நாளைக் காலை ஆறரை, பதினொன்று, பிற்பகல் மூன்று என்று குறியுங்கள்.

பிறகு தோட்டத்து நாளை அதில் ஏற்றுங்கள். விடியற்காலையின் குளிர்ச்சியில் பால்மரத்துக்குள் அழுத்தம் அதிகமாக இருக்கும், பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏற வடிவது குறையும். அதனால்தான் பெரட்டு (வேலைக்கு முந்தைய ஆள்கணக்கெடுப்பு) அவ்வளவு சீக்கிரம் கூடுகிறது, வெட்டு விடியலிலேயே தொடங்குகிறது. கோப்பைகளில் சேர்ந்த பாலை முற்பகலில் எடுத்து ஸ்டோருக்குக் கொண்டுபோவார்கள். ஆறரைக்கு என்ன வேலை, பதினொன்றுக்கு என்ன வேலை என்பது தோட்டத்துப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒவ்வொரு குறியிலும் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: வேலை தொடங்கிவிட்டதா? முடிந்துவிட்டதா? ‘தொடங்கிவிட்டது, முடியவில்லை’ என்று வகுப்பே சொன்ன பிறகு சூத்திரத்தை எழுதுங்கள்.

இன்று பல பிள்ளைகள் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) வளர்கிறார்கள். பால்மரத்தைப் பள்ளி வேன் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. அவர்களுக்கு அம்மாவின் தொழிற்சாலை ஷிப்ட், ஈப்போ பஸ், மாலைப் பந்துப் பயிற்சி ஆகியவற்றைக் கோட்டில் ஏற்றுங்கள். எதுவானாலும் பிள்ளைக்கு நேரம் தெரிந்த வேலையாக இருக்க வேண்டும். நேரம் தெரியாத வேலையை வைத்து இந்தப் பாடத்தை நடத்த முடியாது.

‘ஐ வில் கோயிங்’ என்றே எழுதுகிறார்கள். எத்தனை முறை திருத்தினாலும் அந்தப் ‘பி’ மட்டும் வருவதில்லை. ஏன்?

நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த இரண்டு மொழிகளிலும் அந்த இடம் காலியாக இருக்கலாம் என்பதால்தான். ‘அவர் ஆசிரியர்’ என்கிறோம், நடுவில் எதுவும் இல்லை. மலாயில் ‘டியா குரு’, அங்கேயும் எதுவும் இல்லை. மலாயில் ஒரு வேலை நடந்துகொண்டிருப்பதைச் சொல்ல ‘செடாங்’ என்பதை முன்னால் வைத்தால் போதும்: ‘சாயா செடாங் மக்கான்.’ வினை மாறுவதில்லை, நடுவில் வேறொரு வினையும் வருவதில்லை. எதிர்காலத்துக்கு ‘அக்கான்’. இப்படிப் பழகிய பிள்ளை ‘வில்’ போட்டதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறது.

இன்னொரு காரணம் காது. பேச்சில் ‘ஐல் பி கோயிங்’ என்பதில் ‘பி’ அமுங்கிப் போகிறது. கேட்காத ஒன்றைப் பிள்ளை எழுதாது. ஆகவே சிவப்பு மையைக் குறைத்து, உரக்கச் சொல்லவைப்பதை அதிகமாக்குங்கள். ‘ஐல் பி’, ‘ஷீல் பி’, ‘தேல் பி’ என்று அந்தத் துண்டை மட்டும் ஒரே மூச்சில் சொல்லப் பழக்கிவிட்டு, அதன்பின் வினையைச் சேர்க்கலாம்.

‘பி’யைப் போட்டுவிட்டு ‘இங்’கை விடுகிறவர்களும் உண்டு: ‘ஐ வில் பி கோ.’ அதைவிட ஆபத்தானது ‘மதர் வில் பி குக்ட்’. அம்மா சமைத்துக்கொண்டிருப்பார் என்று எழுத நினைத்தவன், அம்மாவையே அடுப்பில் ஏற்றிவிட்டான். இதற்கு விளக்கம் வேண்டாம். தமிழில் பொருள் சொல்லுங்கள். வகுப்பு சிரித்து முடித்த பிறகு அந்தப் பிழை அவ்வளவாகத் திரும்பி வராது.

‘வில் ஈட்’ என்றாலும் நாளைக்குத்தான், ‘வில் பி ஈட்டிங்’ என்றாலும் நாளைக்குத்தான். என்னதான் வித்தியாசம்?

தீபாவளிக் காலையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘வென் த கெஸ்ட்ஸ் அரைவ், வி வில் ஈட்’ என்றால், விருந்தினர் வந்த பிறகு எல்லோரும் சேர்ந்து உட்காருவோம். ‘வென் த கெஸ்ட்ஸ் அரைவ், வி வில் பி ஈட்டிங்’ என்றால், அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது நாம் ஏற்கனவே தோசையில் கை வைத்துவிட்டோம். முதலாவது விருந்தோம்பல், இரண்டாவது அவசரப் பசி. இந்த இரண்டு வாக்கியங்களையும் அருகருகே எழுதி, ‘எந்த வீட்டுக்குப் போக விரும்புகிறீர்கள்?’ என்று கேளுங்கள். நான் அறிந்தவரை இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

இங் சேர்க்கும்போது எழுத்துப்பிழை வருகிறதே?

பழைய விதிகள்தான். கடைசியில் ஒலிக்காத ‘இ’ (e) இருந்தால் அது விழும். குறுகிய ஓசையில் முடியும் சிறு வினைகளில் கடைசி எழுத்து இரட்டிக்கும். நம் ஊருக்குப் பொருத்தமான எச்சரிக்கை ஒன்று: பால் வெட்டுவதைச் சொல்லும் ‘டாப்பிங்’கில் ‘பி’ (p) என்ற எழுத்து இரண்டு வேண்டும். ஒன்றே போட்டால் அப்பா மரத்தில் ஒட்டுநாடா ஒட்டிக்கொண்டிருப்பார்.

‘வென் யூ வில் கம், ஐ வில் பி குக்கிங்’ என்று எழுதினால் தவறு என்கிறீர்கள். வருவதும் எதிர்காலம்தானே, டீச்சர்?

எதிர்காலம்தான். ஆனால் ‘வென்’, ‘வைல்’, ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’, ‘அன்டில்’, ‘ஆஸ் சூன் ஆஸ்’ ஆகியவை நேரத்தைக் குறித்துத் தொடங்கும் பகுதிக்குள் ஆங்கிலம் ‘வில்’லை அனுமதிப்பதில்லை. ‘வென் யூ கம், ஐ வில் பி குக்கிங்’ என்பதே சரி. தமிழில் ‘நீ வரும்போது’ என்கிறோம். அந்த ‘வரும்’ என்பதிலேயே எதிர்காலம் ஒட்டிக்கொண்டிருப்பதால் பிள்ளை அதை அப்படியே எடுத்துக்கொண்டு போகிறது.

இங்கே ஒரு சிக்கல் வரும். கெட்டிக்கார மாணவி ஒருத்தி எழுந்து, ‘ஐ டோன்ட் நோ வென் ஹி வில் பி கமிங்’ என்பது மட்டும் எப்படிச் சரி என்று கேட்பாள். அந்த ‘வென்’ வேறு. அதற்குத் தமிழிலேயே சோதனை இருக்கிறது. மொழிபெயர்த்தால் ‘எப்போது’ என்று வருகிறதா? ‘வில்’ போடலாம். ‘வரும்போது’ என்று ‘போது’ வருகிறதா? ‘வில்’ கூடாது. ‘இஃப்’ என்பதற்கும் இதே வழி: ‘வந்தால்’ என்றால் ‘வில்’ வேண்டாம், ‘வருவாரா என்று தெரியவில்லை’ என்றால் ‘வில்’ வரலாம். பாடநூல்கள் இதற்கு ஒரு பக்கம் செலவழிக்கின்றன. தமிழ்ப் பிள்ளைக்கு இரண்டு வரி போதும்.

சில வினைகளுக்கு ‘இங்’ வராது என்று புத்தகத்தில் நீண்ட பட்டியல் இருக்கிறது. முழுவதையும் மனப்பாடம் செய்யச் சொல்லலாமா?

வேண்டாம். அறிதல், விரும்புதல், நம்புதல், சொந்தமாக வைத்திருத்தல் போன்ற நிலைகளைக் குறிக்கும் வினைகள் தொடர்வடிவம் ஏற்காது என்ற கருத்தையும், அடிக்கடி வரும் பத்து வினைகளையும் கொடுத்தால் போதும். ‘ஐ வில் நோ த ரிசல்ட் டுமாரோ’ என்றுதான் சொல்ல வேண்டும், ‘வில் பி நோயிங்’ என்பது கிடையாது. தமிழிலும் ‘தெரிந்துகொண்டிருப்பேன்’ என்று நாளைய தேர்வு முடிவைப் பற்றி யாரும் சொல்லமாட்டார்கள். ‘வேண்டும்’ என்பதைத் தொடர்வடிவமாக்கிப் பாருங்கள்: ‘வேண்டிக்கொண்டிருப்பேன்’. ஆசைப்பட்டவர் கோவிலுக்குப் போய்விட்டார்.

ஆனால் இந்தத் தமிழ்ச் சோதனையை முழுக்க நம்பாதீர்கள். ‘நம்பிக்கொண்டிருப்பேன்’ தமிழில் இயல்பு, ‘வில் பி பிலீவிங்’ ஆங்கிலத்தில் இயல்பில்லை. ‘ஹேவ்’ இரண்டு பக்கமும் ஆடும்: சாப்பிடுதல் என்ற பொருளில் ‘வி வில் பி ஹேவிங் டின்னர்’ சரி, கார் வைத்திருத்தல் என்ற பொருளில் ‘ஐ வில் பி ஹேவிங் எ கார்’ தவறு.

‘ஷீ வோன்ட் பி கமிங்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘வந்துகொண்டிருக்கமாட்டாள்’ என்று எந்த வீட்டிலும் பேசுவதில்லையே.

பேசுவதில்லை. முன்பு சொன்ன ஒற்றுமை உடையும் இடங்களில் ஒன்று இது. இங்கே சொல்லுக்குச் சொல் மாற்றாமல் சூழ்நிலையைக் கொண்டு நடத்துங்கள். ‘ஷீ வோன்ட் கம்’ என்பது சில வேளைகளில் ‘வரமாட்டேன் என்று அடம் பிடிக்கிறாள்’ என்று ஒலிக்கும். ‘ஷீ வோன்ட் பி கமிங்’ என்பதில் அடம் இல்லை; வருவதாக இல்லை என்ற செய்தி மட்டும் இருக்கிறது. நம் ‘வரமாட்டாள்’ இரண்டையும் தாங்கும், தொனிதான் பிரித்துக்காட்டும். ஆங்கிலத்தில் எழுத்தே பிரித்துக்காட்டிவிடுகிறது.

இது பெற்றோருக்கு நேரடியாகப் பயன்படும். வகுப்பாசிரியருக்குக் கைப்பேசியில் செய்தி அனுப்பும் தாய், ‘மை சன் வோன்ட் கம் டு ஸ்கூல் டுமாரோ’ என்று எழுதினால் பிள்ளை பள்ளிக்கு வர மறுக்கிறான் போலத் தோன்றலாம். ‘மை சன் வோன்ட் பி கமிங் டு ஸ்கூல் டுமாரோ’ என்று எழுதி, கூடவே காய்ச்சல் என்று காரணத்தையும் சேர்த்துவிட்டால் கச்சிதமாக இருக்கும்.

‘வில் யூ’ என்று கேட்டாலே மரியாதைதானே? அதில் ‘பி’யும் ‘இங்’கும் எதற்கு?

‘வில் யூ கம் டுமாரோ?’ என்பது பெரும்பாலும் அழைப்பாகவோ வேண்டுகோளாகவோ காதில் விழும். கேட்கப்பட்டவர் ஆம், இல்லை என்று முடிவெடுத்தாக வேண்டும். ‘வில் யூ பி கமிங் டுமாரோ?’ என்பது அவருடைய திட்டம் என்ன என்று விசாரிப்பதோடு நின்றுகொள்ளும். நெருக்குதல் இல்லாததால்தான் அது பணிவாகப் படுகிறது.

நாமும் இதைச் செய்கிறவர்கள்தான், வேறு வழியில். பக்கத்து வீட்டு அண்ணனின் மோட்டார் வேண்டுமென்றால் ‘மோட்டாரைக் கொடுங்கள்’ என்று போய் நிற்போமா? ‘அண்ணே, சாயந்திரம் மோட்டாரில் எங்காவது போகிறீர்களா?’ என்றுதான் தொடங்குவோம். அவர் போவதாகச் சொன்னால் நாம் ஒன்றும் கேட்கவே இல்லை. இருவருக்கும் சங்கடம் இல்லை. ‘வில் யூ பி யூசிங் யுவர் பைக் திஸ் ஈவினிங்?’ என்பது அந்த முதல் வரிதான். மாணவர்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒருவர் கடன் கேட்கிறவர், மற்றவர் கொடுக்க மனமில்லாதவர் என்று நடிக்கவிடுங்கள். கொடுக்க மனமில்லாதவர் பாத்திரத்துக்குத்தான் போட்டி நடக்கும்.

ஈப்போ ஹோட்டல்களிலும் சிங்கப்பூர்க் கடைகளிலும் வேலைக்குப் போகிற இளைஞர்கள் என்னிடம் வந்தால், மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு இந்தக் கேள்வி வடிவத்தைத்தான் முதலில் கொடுப்பேன். ‘ஹவ் வில் யூ பி பேயிங்?’, ‘ஹவ் மெனி நைட்ஸ் வில் யூ பி ஸ்டேயிங்?’ இந்த இரண்டும் நாவில் பழகிவிட்டால் முகப்பில் தைரியமாக நிற்கலாம்.

எஸ்பிஎம்மில் இது வருமா? எந்த வயதில் தொடங்கலாம்?

‘இந்த வாக்கியத்தின் காலம் என்ன’ என்று கேட்கும் கேள்வி ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் பொதுத்தேர்வின் ஆங்கிலத் தாளில் (1119) இல்லை. எழுத்துத் தாளின் முதல் பகுதியில் சுமார் 80 சொற்களில் ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் எழுத வேண்டும். விடுமுறையில் என்ன செய்யப்போகிறாய், எத்தனை மணிக்கு வருவாய் என்பது போன்ற கேள்வி அமைந்தால் இந்த வடிவம் கைகொடுக்கும். பேச்சுத் தேர்விலும் அப்படியே.

2017 முதல் நம் ஆங்கிலப் பாடத்திட்டம், மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை அளக்கும் சிஇஎஃப்ஆர் என்ற ஐரோப்பியத் தர அளவோடு இணைக்கப்பட்டிருக்கிறது. ஆறாம் ஆண்டு முடிவில் ஏ2, ஐந்தாம் படிவ முடிவில் பி1 அல்லது பி2 என்பது இலக்கு. எதிர்காலத் தொடர்வினை பொதுவாகப் பி1 நிலைக்கு உரியது. ஆறாம் ஆண்டின் யுபிஎஸ்ஆர் தேர்வும் மூன்றாம் படிவத்தின் பிடி3 தேர்வும் நீக்கப்பட்ட பிறகு சில பெற்றோர் ஆரம்பப் பள்ளியிலேயே எஸ்பிஎம்முக்குத் தயார்செய்யச் சொல்கிறார்கள். நிகழ்காலத் தொடர்வினையையே தடுமாறாமல் சொல்ல வராத பிள்ளைக்கு இதைத் திணிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இடைநிலைப் பள்ளி வரட்டும்.

‘டோன்ட் கால் நவ், ஹி வில் பி ஸ்லீப்பிங்’ என்று ஒருவர் பேசக் கேட்டேன். ‘நவ்’ என்கிறார், ‘வில்’ என்கிறார். பிழைதானே?

பிழை இல்லை, நல்ல ஆங்கிலம். இப்போது நடப்பதை நேரில் பார்க்காமல், தெரிந்த வழக்கத்தை வைத்து ஊகிக்கும்போது ‘வில் பி’ வரும். தமிழிலும் வரிக்கு வரி இதேதான்: ‘இப்போது கூப்பிடாதே, அப்பா தூங்கிக்கொண்டிருப்பார்.’ எதிர்கால வினைதான், பேசுவது இந்த நிமிடத்தைப் பற்றி. நேற்றிரவு ஷிப்ட் முடித்து வந்தவர் என்பது தெரியும், அதனால் சொல்கிறோம். ‘இந்நேரம்’ என்ற சொல்லைப் போட்டுப் பார்த்துப் பொருந்தினால் இந்த வகைதான் என்று மாணவர்கள் கண்டுகொள்ளலாம். தூங்குவதைக் கதவிடுக்கில் பார்த்துவிட்டுச் சொன்னால் ‘ஹி இஸ் ஸ்லீப்பிங்’, தூங்குகிறார். ஊகம் பலவீனமானால் ‘ஹி மைட் பி ஸ்லீப்பிங்’, தூங்கிக்கொண்டிருக்கலாம்.

இதற்கு ஏற்ற பயிற்சி, தூர தேசத்தில் இருக்கும் உறவினர். லண்டனில் அக்கா படிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் எட்டு மணி நேர வேறுபாடு, கோடையில் ஏழு. நமக்கு இரவு எட்டு என்றால் குளிர்கால லண்டனில் நண்பகல். ‘வாட் வில் ஷீ பி டூயிங் நவ்?’ என்று கேளுங்கள். ‘ஷீ வில் பி ஹேவிங் லஞ்ச்.’ நமக்குக் காலை ஏழு என்றால்? மணிக்கணக்கும் இலக்கணமும் சேர்ந்தே நடக்கும். மாணவர்களுக்கு இதில் சலிப்பு வருவதில்லை.

அப்படியானால் ‘ஐயம் மீட்டிங் ஹிம் டுமாரோ’, ‘ஐல் பி மீட்டிங் ஹிம் டுமாரோ’ இரண்டில் எது சரி? பயிற்சிப் புத்தகம் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது.

இரண்டும் சரி. அந்தப் பயிற்சிப் புத்தகத்தை மூடிவையுங்கள். முதலாவது, பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு. இரண்டாவது, நான் தனியாக ஏற்பாடு செய்யாவிட்டாலும் போகிற போக்கில் நடக்கவிருப்பது. அலுவலகத்துக்கு எப்படியும் போவேன், அவரை எப்படியும் பார்ப்பேன். இதனால்தான் உதவி செய்ய முன்வரும்போது இரண்டாவது வடிவம் அழகாகப் பொருந்தும்: ‘ஐல் பி பாஸிங் த போஸ்ட் ஆபீஸ். ஷல் ஐ போஸ்ட் யுவர் லெட்டர்?’ உனக்காகத் தனியாகப் போகவில்லை, நான் அந்த வழிதான் என்று சொல்லி எதிராளியின் தயக்கத்தைப் போக்குகிறது. ஆனால் இந்த நுணுக்கத்தைச் சொல்லிக்கொடுக்கலாமே தவிர, மதிப்பெண் வைத்துச் சோதிக்கக் கூடாது.

விமானத்தில் ‘வி வில் பி லேண்டிங் ஷார்ட்லி’ என்கிறார்கள். குறிப்பிட்ட நேரம் எங்கே? பாதியில் இருக்கும் வேலை எங்கே?

முதல் பதிலில் தந்த விளக்கம் இங்கே பொருந்தாது. மேலே அஞ்சலகத்தைப் பற்றிச் சொன்ன ‘போகிற போக்கு’ விளக்கம்தான் பொருந்தும். இறங்குவது என்று விமானி இப்போது முடிவெடுக்கவில்லை. பயணத்தின் போக்கில் அது வருகிறது. அலுவலகக் கடிதங்களில் ‘வி வில் பி சென்டிங் யூ த ஃபார்ம்’ என்பதும் இதே வகை. தொடக்க நிலை மாணவர்களிடம் இதை நீங்களாக எடுத்துப் பேச வேண்டாம். கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

எங்கள் அப்பா காலத்தில் ‘ஐ ஷல் பி கோயிங்’ என்று படித்தார்களாம். அதைச் சொல்லிக்கொடுக்கலாமா?

நான், நாம் ஆகியவற்றோடு ‘ஷல்’ சேர்ப்பது பழைய பிரிட்டிஷ் வழக்கம். தவறில்லை, இன்று மிகக் குறைவு. தாத்தாவின் கடிதத்தில் கண்டால் புரிந்துகொள்ளத் தெரிந்தால் போதும்.

‘வில் பி வொர்க்கிங்’, ‘வில் ஹேவ் பீன் வொர்க்கிங்’ இரண்டையும் ஒரே வாரத்தில் நடத்தச் சொல்கிறது திட்டம். பிள்ளைகள் குழம்புகிறார்கள்.

குழம்பத்தான் செய்வார்கள். முடிந்தால் இடையில் சில வாரம் விடுங்கள். முடியாவிட்டால் இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: முதலாவது ‘எப்போது’ என்பதற்குப் பதில், இரண்டாவது ‘எவ்வளவு காலமாக’ என்பதற்குப் பதில். ‘நெக்ஸ்ட் டிசம்பர் ஷீ வில் பி வொர்க்கிங் ஹியர்’, அப்போது இங்கே வேலையில் இருப்பாள். ‘பை டிசம்பர் ஷீ வில் ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’, அப்போது பத்து ஆண்டு ஆகியிருக்கும். ‘ஃபார்’ என்று கால அளவு தெரிந்தால் இரண்டாவது வடிவம் வரக்கூடும் என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இதற்குச் செயப்பாட்டு வினை உண்டா? ‘த ரோட் வில் பி பீயிங் பில்ட்’ என்று ஒரு மாணவன் எழுதினான்.

இலக்கணப்படி அவன் சரி. ஆனால் ஆங்கிலேயர்களே அதைத் தவிர்த்துவிடுகிறார்கள். ‘தே வில் பி பில்டிங் த ரோட்’ என்று எழுதச் சொல்லுங்கள். அந்த வடிவத்தைத் தானாகவே உருவாக்கியதற்காக அவனைத் தட்டிக்கொடுங்கள்.

எழுதும்போது சரியாக எழுதுகிறார்கள். பேசச் சொன்னால் எல்லாம் ‘வில் கோ, வில் ஈட்’ ஆகிவிடுகிறது. என்ன செய்வது?

இந்த வடிவம் இல்லாமல் முடிக்க முடியாத ஒரு வேலையைக் கொடுக்க வேண்டும். ஒரு பிள்ளையிடம் ஒரு வார அட்டவணை, மற்றதிடம் வேறொன்று. இருவரும் சேர்ந்து கோவில் திருவிழாவுக்குத் தோரணம் கட்ட இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும். ஒருவர் அட்டவணையை மற்றவர் பார்க்கக் கூடாது. ‘வில் யூ பி ஃப்ரீ?’ என்ற குறுக்குவழியைத் தடை செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் எல்லோரும் அதிலேயே தப்பித்துக்கொள்வார்கள். ‘வாட் வில் யூ பி டூயிங் அட் ஃபோர் ஆன் சாட்டர்டே?’ என்று கேட்டே ஆக வேண்டும்.

அட்டவணைகளில் பொதுவான ஓய்வு நேரம் ஒன்றே ஒன்று இருக்கும்படி தயாரியுங்கள், அதையும் வாரத்தின் கடைசியில் வையுங்கள். அது கண்ணில் படும்வரை கேட்டுக்கொண்டே இருப்பார்கள். நடுவில் போய்த் திருத்தாதீர்கள். முடிந்த பிறகு, காதில் விழுந்த பிழைகளை யார் சொன்னது என்று குறிப்பிடாமல் பலகையில் எழுதி, வகுப்பையே திருத்தச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. ‘த ஜர்னி வில் பி டயரிங்’. ‘வில்’ இருக்கிறது, ‘பி’ இருக்கிறது, ‘இங்’ இருக்கிறது. இதுவும் எதிர்காலத் தொடர்வினைதானா?

இல்லை. சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் சரியாக இங்கேதான் விழுவார்கள். ‘டயரிங்’ இங்கே வினை அல்ல. களைப்பூட்டும் தன்மையைச் சொல்லும் அடைமொழி. முன்னால் ‘வெரி’ போட்டுப் பாருங்கள்: ‘த ஜர்னி வில் பி வெரி டயரிங்’ நன்றாக நிற்கிறது. ‘ஃபாதர் வில் பி வெரி டாப்பிங்’ நிற்காது. ‘வெரி’ ஏற்றால் அடைமொழி, ஏற்காவிட்டால் வினையாக இருக்கலாம்.

‘இருக்கலாம்’ என்று சொல்லக் காரணம் உண்டு. ‘மை ஜாப் வில் பி கட்டிங் கிராஸ்’ என்பதில் ‘வெரி’ வராது, ஆனாலும் அது தொடர்வினை அல்ல. புல்லை வெட்டுகிறவர் வேலைக்காரர்; வேலை தானாகப் புல்லை வெட்டாது. இங்கே ‘கட்டிங் கிராஸ்’ என்பது புல் வெட்டுதல் என்ற தொழிற்பெயர். ‘என் வேலை புல் வெட்டுவதாக இருக்கும்’ என்று பொருள். ஆகவே இரண்டாவது சோதனையாக, எழுவாயை ‘இங்’ வினையோடு சேர்த்து ‘இவர் அதைச் செய்வாரா?’ என்று கேட்கச் சொல்லுங்கள். அப்பா பால் வெட்டுவாரா? வெட்டுவார். வேலை புல் வெட்டுமா? வெட்டாது.